காரின் இரைச்சலை அடக்க வண்டி முழுவதையும் போர்த்த வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அண்மைக் காலமாகக் காருக்குள் இரைச்சல் தடுப்புப் பட்டை ஒட்டிக்கொள்ளும் ஆர்வம் இளைஞர்களிடையே பெருகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாமான் வீடுகளின் முன்னால் இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறு பக்கம் கறுப்புப் பசையும் கொண்ட பட்டைகளைத் தரை முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. தன் வண்டியைத் தன் கையாலேயே சீர்செய்துகொள்பவரை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் செலவழிக்கும் பணத்தில் கணிசமான பகுதி வீணாகிறது என்பதையும், அந்த வேலையில் சில இடங்களில் ஆபத்தும் இருக்கிறது என்பதையும் தங்கள் நாளிதழின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். செம்பனை ஆலையில் பொருத்துநராக வேலைசெய்து ஓய்வுபெற்றவன் என்பதால், அதிரும் தகடுகளோடும் இரைச்சலோடும் நெடுங்காலம் பழகியவன் நான்.

முதலில் இரைச்சலின் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆலைகளில் இரைச்சல் சட்டத்துக்கு உட்பட்ட விஷயம். 1989ஆம் ஆண்டின் விதிமுறைகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்று வரம்பு வைத்திருந்தன. 2019ஆம் ஆண்டின் விதிமுறைகள் அதை 85 ஆகக் குறைத்தன. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சிறிய காருக்குள் ஏறக்குறைய 70 டெசிபெல் இருக்கும். ஆகவே பட்டை விற்பவர்களில் சிலர், காது செவிடாகிவிடும் என்று பயமுறுத்துவதை நம்ப வேண்டியதில்லை. கார் இரைச்சல் மனிதரைக் களைப்படையச் செய்யும். முன்னிருக்கையில் இருப்பவர் சொல்வது பின்னிருக்கையில் இருக்கும் பெரியவருக்குக் கேட்காமல் போகும். கோலாலம்பூர் வரை சென்று திரும்பினால் தலை கனக்கும். இவற்றைத் தவிர்ப்பதற்காகச் செலவு செய்வது நியாயமே.

அதே வேளையில், எவ்வளவு குறையும் என்ற கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று டெசிபெல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடுகிறது. ஆனால் நம் காது அதைச் சற்றே குறைந்ததாக மட்டுமே உணரும். காதுக்குப் பாதியாகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய பத்து டெசிபெல் குறைய வேண்டும். வீட்டு வாசலில் கையால் செய்யும் வேலையில் இரண்டு முதல் நான்கு டெசிபெல் வரை குறைந்தால் அதை நல்ல வேலை என்று நான் ஒப்புக்கொள்வேன். சிறிய காரை விலையுயர்ந்த கார்போல அமைதியாக்கித் தருகிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்பவர்களிடம், எத்தனை டெசிபெல் குறையும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் ஒட்டத் தொடங்குவதில்தான் பணம் வீணாகிறது. ஊருக்குள் மெதுவாக ஓடும்போது நாம் கேட்பது பெரும்பாலும் எஞ்சினின் ஓசை. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் டயருக்கும் சாலைக்கும் இடையில் எழும் ஓசை அதை மிஞ்சிவிடுகிறது. 100ஐத் தாண்டினால் முன்கண்ணாடியின் ஓரங்களிலும் பக்கக் கண்ணாடிகளிலும் காற்று மோதும் ஓசையும் சேர்ந்துகொள்கிறது. டயரின் ஓசை உள்ளே வருவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சக்கரத்தின் அதிர்வு சஸ்பென்ஷன் (சக்கரத்தையும் வண்டியையும் இணைக்கும் ஸ்பிரிங் அமைப்பு) வழியாக ஏறி, தரைத் தகட்டையும் சக்கர வளைவையும் ‘பூட்’ எனப்படும் பின்பக்கச் சாமான் அறையின் அடித் தகட்டையும் நடுங்கச் செய்வது; அடித்தொண்டையில் முனகுவது போன்ற கனத்த ஓசை இந்த வழியாக வருகிறது. மற்றொன்று, வெளிக்காற்றின் வழியாகப் பரவி, கண்ணாடி, கதவு, இடுக்கு ஆகியவற்றின் ஊடாக நுழைவது. ‘உஸ்’ என்று கேட்கும் மெல்லிய, கூர்மையான ஓசை இதுதான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இந்த இரண்டையும் பிரித்தறிய எங்கள் பக்கத்தில் இயற்கையாகவே ஒரு சோதனைக்கூடம் அமைந்திருக்கிறது. கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வருபவர்கள் மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்தாக வேண்டும். அதற்குள் நுழைந்ததும் காரின் ஓசை சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து பக்கங்களில் மோதுகிறது. ஆனால் சக்கரத்திலிருந்து தகட்டுக்கு ஏறும் அதிர்வு, சாலைப் பரப்பு ஒரே மாதிரியாக இருக்கும்வரை, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆகவே கண்ணாடிகளை மூடிக்கொண்டு, வேகத்தை மாற்றாமல் சுரங்கத்துக்குள் நுழையும்போது உள்ளிரைச்சல் பெரிதாகக் கூடினால், அந்தக் காரின் குறை கதவுகளிலும் ரப்பர் விளிம்புகளிலும் இருக்கிறது. அவ்வளவாகக் கூடாவிட்டால் தரையையும் சக்கர வளைவுகளையும் கவனிக்க வேண்டும். இதைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பை ஓட்டுநர் ஏற்க வேண்டாம். பின்னிருக்கையில் இருப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

பட்டையை வாங்குவதற்கு முன் டயரைப் பார்க்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டும் அது தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். நம் நாட்டு வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற டயரின் ரப்பர் இறுகிவிடும். இறுகிய டயர், வரிப்பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும், சத்தம் போடும். அடுத்ததாக, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவி, பிறகு எதிர்த்திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் அரம் போலவும் இருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேர்நிலை, கெட்டிருக்கிறது. எத்தனை பட்டை ஒட்டினாலும் அந்தச் சத்தம் போகாது. எங்கள் பக்கத்தில் மூட்டை முடிச்சு ஏற்றுவதற்காகக் காற்றைக் கூடுதலாக அடித்து, அப்படியே விட்டுவிடும் பழக்கமும் உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் சரியான காற்றழுத்தம் எழுதப்பட்டிருக்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குக் கொண்டுவந்தால், செலவே இல்லாமல் கொஞ்சம் சத்தம் குறையும்.

சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேகம் கூடக்கூட ரீங்காரமாக ஏறி, வளைவில் திரும்பும்போது மட்டும் கூடியோ குறைந்தோ ஒலிக்கும் சத்தம் பெரும்பாலும் தேய்ந்த பேரிங்கின் சத்தம். அதைப் பட்டறையில் காட்டாமல் சக்கர வளைவில் பட்டை ஒட்டி மறைப்பது, வண்டி கொடுக்கும் எச்சரிக்கையின் வாயைப் பொத்துவதாகும். இரைச்சல் தடுப்பு வேலையில் நான் அஞ்சும் ஆபத்துகளில் இதுதான் முதன்மையானது.

இனிப் பட்டைக்கு வருகிறேன். அலுமினியத் தாள் ஒட்டிய அந்தக் கறுப்புப் பட்டை ஒலியைத் தடுக்கும் சுவர் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதன் வேலை வேறு. தட்டிய வெண்கலத் தாம்பாளத்தின் மீது விரலை வைத்தால் ஒலி நிற்பதைப் போல, நடுங்கும் தகட்டின் நடுக்கத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. தகடு வளையும்போது கீழே தகட்டுக்கும் மேலே அலுமினியத் தாளுக்கும் இடையில் அகப்பட்ட பசை இழுபட்டு, அந்த ஆற்றலைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. நடுங்காத தகட்டில் அதற்கு வேலையே இல்லை. ஆகையால் ஒட்டுமுன் கைமுட்டியால் தகட்டைத் தட்டிப் பாருங்கள். ‘டொங்’ என்று இழுத்து ஒலிக்கும் அகலமான, தட்டையான பகுதிக்குத்தான் பட்டை தேவை. மடிப்பும் முகடும் உள்ள இடம் ஏற்கெனவே விறைப்பாக இருப்பதால் ‘டப்’ என்று நின்றுவிடும். தட்டையான பகுதியின் நடுவில் கால் பங்கு பரப்பை மூடினாலே நடுக்கத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். மீதி முக்கால் பங்கையும் மூடுவதால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறிது. கூடுவது எடையும் செலவும்தான். இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ எடை இருக்கும் என்பதால், முழுத் தரையையும் இரண்டு அடுக்காகப் போர்த்துபவர் தம் சிறிய காரில் ஒரு பள்ளிப் பிள்ளையை எந்நேரமும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு கேள்வியைச் சொல்லியாக வேண்டும். 1877ஆம் ஆண்டிலேயே கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட மாவட்டம் இது. பால்மரம் வெட்டிய குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. அந்தப் பாலில் செய்த ஷீட்டையே தரையில் ஒட்டினால் என்ன என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். நல்ல கேள்விதான், ஆனால் பயன்படாது. பால்மரத்து ரப்பரின் சிறப்பே அதன் துள்ளல். வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை அது திருப்பிக் கொடுத்துவிடும். பட்டையில் இருப்பது பியூட்டைல் ரப்பர். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெட்ரோலியப் பொருளிலிருந்து உருவாக்கப்பட்டது. அதில் பந்து செய்து தரையில் போட்டால் அறை வெப்பத்தில் அது துள்ளுவதே அரிது, விழுந்த இடத்தில் சோம்பிக் கிடக்கும். துள்ளாத அந்தக் குணம்தான் தகட்டின் நடுக்கத்தை விழுங்குகிறது. காற்றைக் கசியவிடாத இன்னொரு குணம் இருப்பதால் டயரின் உள்டியூபுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று, கூரை ஒழுகலை அடைக்க ஹார்ட்வேர் கடைகளில் விற்கும் தார்ப் பட்டையை வாங்கி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நம் ஊரில் நண்பகலில் வெயிலில் நின்ற காருக்குள் வெப்பம் 60 பாகையையும் தாண்டும். தகடு அதைவிடவும் சுடும். அந்தச் சூட்டில் தார் இளகிக் கீழே வழியும், கதவிலிருந்தும் கூரையிலிருந்தும் பெயர்ந்து விழும், தார் நாற்றம் மாதக்கணக்கில் காருக்குள் நிற்கும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பதற்கு ஆகும் கூலியில் நல்ல பட்டையை இரண்டு முறை வாங்கியிருக்கலாம். வாங்கும்போது மோந்து பாருங்கள். தார் நெடி அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒட்டும் முறையில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. தகட்டை மண்ணும் எண்ணெய்ப்பசையும் போகத் துடைத்து, ஆல்கஹால் தடவிக் காயவிட்டு, பட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்து, சிறிய உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பட்டையின் மேலுள்ள புடைப்புக் கோலங்கள் தட்டையாகும்வரை தேய்த்தால்தான் அது தகட்டைப் பிடித்திருக்கிறது என்று பொருள். குளிர்நாடுகளில் சூடு காட்டி ஒட்டுவார்கள். நமக்கு அந்த வேலையைக் காலை வெயிலே செய்து கொடுத்துவிடும். கையுறை அணிவது அவசியம். அந்த அலுமினிய ஓரம் சவரக்கத்தியைப் போல விரலை அறுக்கும். இடத்தைப் பொறுத்தவரை, பின்சக்கர வளைவுகளும் பூட்டில் மாற்று டயர் கிடக்கும் குழியும் முதலிடம் பெற வேண்டும் என்பது என் துணிபு. பின்கதவு மேலே திறக்கும் சிறிய கார்களில் பூட்டும் பயணிகள் இருக்கும் இடமும் ஒரே அறையாக இருப்பதால், அங்கு எழும் சத்தத்தைத் தடுக்க நடுவில் எதுவுமே இல்லை.

தகட்டின் நடுக்கம் அடங்கிய பிறகும் காற்று வழியாக வரும் ஓசை மிச்சமிருக்கும். அதைத் தடுக்க எடை வேண்டும். ஒலியை மறிக்கும் கனத்த வினைல் விரிப்பு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ எடையில் கிடைக்கிறது. அதை நேராகத் தகட்டின் மேல் போடாமல், இடையில் மூடிய துளைகள் கொண்ட நுரை விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன் மேல் இடைவெளியில்லாமல் விரித்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். நுரையை மட்டும் வாங்கித் திணிப்பது பயனற்றது. மிகவும் இலேசான பொருள் ஒலியை மறிக்காது. தண்ணீரை உறிஞ்சும் சாதாரணப் பஞ்சும் சணல் விரிப்பும் நம் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்து நாறும், அடியில் தகட்டையும் துருப்பிடிக்க வைக்கும். கால்மிதியடிக்கு அடியில் பழைய நாளிதழ்களை விரித்தால் சத்தம் குறையும் என்று நம்பும் பெரியவர்களும் எங்கள் பக்கம் உண்டு. மழைக்காலத்தில் செருப்பு ஈரத்தை உறிஞ்சத் தங்கள் நாளிதழ் உதவும் என்பதை மறுக்க மாட்டேன், சத்தத்துக்கு உதவாது.

கதவுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கெடுதல் நடப்பது பெரும்பாலும் அங்கேதான். கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்காகவே கதவின் அடியில் சிறு துளைகள் விடப்பட்டிருக்கின்றன. சத்தம் வருகிறது என்று அவற்றைப் பட்டையால் அடைத்துவிட்டால் நீர் தேங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். உட்பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிபவர்களும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அந்த நீர் கார் தரைக்கு வரும். கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளத்திலும், கதவுப் பூட்டை இழுக்கும் கம்பியிலும் பட்டை உரசக்கூடாது. சில கார்களின் கதவுக்குள், பக்கவாட்டு மோதலை உணர்ந்து காற்றுப் பையைத் திறக்கச் செய்யும் அழுத்த உணரி இருக்கிறது. அப்படிப்பட்ட கதவின் பெரிய துளைகளைத் தம் விருப்பப்படி மூடுவதோ புதிதாகத் துளை போடுவதோ கூடாது. இருக்கையைக் கழற்றும்போது அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் தென்பட்டால், அவை காற்றுப் பைக்கோ இருக்கைப் பட்டையை இறுக்கும் கருவிக்கோ செல்பவை. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்திராமல் அவற்றைத் தொடக்கூடாது. இதில் சிறிதளவும் ஐயம் உள்ளவர்கள் இருக்கையைக் கழற்றும் வேலையை மட்டுமாவது தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, செலவில் மிகக் குறைந்ததும் பயனில் குறையாததுமான ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கும் கருங்கல்லாகவே இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுப்புக் கிடைக்காது என்பது ஒலியியல் கணக்கு. கதவின் ரப்பர் விளிம்பு நசுங்கிப்போன பழைய கார்களில் இந்த இடுக்குதான் பெரிய வாசல். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி, அதை வெளியே இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிடும் இடங்களில் ரப்பர் தன் வேலையைச் செய்யவில்லை. இரவில் ஒருவர் காருக்குள் கைவிளக்குடன் அமர்ந்து விளிம்பெங்கும் ஒளியைக் காட்ட, வெளியே நிற்பவர் கசியும் ஒளியைக் குறித்துக்கொள்வது இன்னொரு வழி. ரேடியோவுக்கோ எச்சரிக்கை மணிக்கோ புதிதாக வயர் இழுத்தவர்கள், எஞ்சின் பக்கச் சுவரில் போட்ட துளையை ரப்பர் வளையத்தால் மூடாமல் விட்டிருப்பார்கள். அதையும் தேடிப் பிடித்து அடைக்க வேண்டும்.

வேலையின் பயனை அளக்கக் கைப்பேசியில் இருக்கும் ஒலி அளவுச் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது என்றாலும், முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு உதவும். ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே காற்றழுத்தம், காய்ந்த தரை, குளிர்சாதனத்தின் விசிறி நிறுத்தம் ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும். ஈரச் சாலையில் டயரின் சத்தம் தானாகவே கூடிவிடும். கைப்பேசி பயணியின் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா?

செம்பனைப் பழ லோரிகள் ஓடிச் சிதைத்த தோட்டப்புறச் சாலைகளில், கரடுமுரடான கற்களைக் கொட்டி ஒட்டுப்போட்டுச் செல்லும் வழக்கம் தொடரும்வரை எந்தக் காரும் முழு அமைதி பெறாது. அது பொதுப்பணித் துறையும் ஊராட்சி மன்றமும் கேட்க வேண்டிய செய்தி. தனிக் கடிதத்துக்கு உரியது.

இப்போது தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் இதுபோன்ற கைவேலைகளைப் படங்களோடு விளக்கும் பகுதி ஒன்று வந்தால், காணொளிகளில் பிறர் செய்வதைப் பார்த்து, நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒவ்வாததையும் வாங்கி ஒட்டும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும். அதுவரை, வேலையைத் தொடங்கும் இளைஞர்கள் முதலில் பின்சக்கர வளைவுகளுக்கும் மாற்று டயர்க் குழிக்கும் மட்டும் போதுமான பட்டையை வாங்கி, ஒட்டி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவையென்று தோன்றினால் மட்டும் அடுத்த பெட்டியை வாங்கட்டும். வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை எறிய வேண்டாம். பின்பக்க எண் பலகைக்குப் பின்னால் ஒன்றை ஒட்டினால், பூட் கதவை மூடும்போது அந்தப் பலகை கடகடப்பதும் நின்றுவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பொருத்துநர்,
சுங்கை சிப்புட், பேரா.